எவர்சில்வர் டம்ளரும் என் பேஸ் கம்பியும்

எங்க ட்ரூப்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தன் போன வாரம் கேட்டான், "ண்ணா பேஸ் கிட்டாருக்கு எந்த ஸ்ட்ரிங் வாங்கறது, நெட்ல தேடுனா தலையே சுத்துது"ன்னு. ஒரு டீ குடிக்கற நேரத்துல சொல்லிடலாம்னு தான் ஆரம்பிச்சேன், சேலம் அஞ்சு ரோட்ல ரெண்டு டீயும் ஆளுக்கொரு தட்டுவட செட்டும் முடிஞ்சும் பாதி கூட சொல்லி முடிக்கல. மிச்சத்த இங்க எழுதறேன், அவனும் படிச்சுக்கட்டும்.

நான் பதினோரு வருஷமா சேலத்துல லைட் மியூசிக் வாசிக்கறேன். ரிசப்ஷன், கோயில் பண்டிகை, ஆடி வந்துட்டா மூச்சு விட நேரம் இருக்காது. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம ஏற்காடு ஏறி ஒரு சர்ச்ல வாசிப்பேன். இத எதுக்கு சொல்றேன்னா, கம்பி விஷயத்துல என்னைய கெடுத்ததும் திருத்துனதும் இந்த ரெண்டு எடமும் தான்.

மொத தடவ கம்பி வாங்குனப்போ நான் பாத்தது விலை மட்டும். பாக்கெட்ல பேஸ்னு போட்டிருந்துச்சு, வாங்கிட்டு வந்துட்டேன். பழச எல்லாம் கழட்டி குப்பைல போட்டாச்சு. இருக்கறதுலயே தடியான ஈ கம்பிய இழுத்து மாட்டுனா, கம்பி கடைசில கலர் நூல் சுத்தி மெலிசா இருக்கும் பாத்தீங்களா, அது கழுத்தோட மேல் முனைல இருக்கற நட்டுங்கற பட்டைய தாண்டி, சுதி திருகற பெக்ல போய் உக்காரணும், எனக்கு கழுத்துல குறுக்க பதிச்சிருக்கற ஃப்ரெட்டுல ரெண்டாவது மேல வந்து படுத்திருக்கு. அப்புறம் தான் பாக்கெட்ட திருப்பி பாக்கறேன், பொடி எழுத்துல ஷார்ட் ஸ்கேல். ஸ்கேல்னா நட்டுலருந்து அடில கம்பி உக்கார்ற எடம் வரைக்கும் ஆடற நீளம். என்னோடது சாதாரண 34 இஞ்ச் பேஸ், அது 30 இஞ்சுக்கு செஞ்ச கம்பி. பிரிச்ச பாக்கெட்ட எந்த கடைல திருப்பி எடுப்பாங்க? அன்னைக்கு சாயங்காலம் கச்சேரி வேற, குப்பைல கெடந்த பழைய கம்பிய துடைச்சு திரும்பவும் மாட்டிட்டு போனேன். அதனால மத்ததெல்லாம் அப்புறம், மொதல்ல ஸ்கேல பாருங்க.

அடுத்தது தடிமன். 45-105னு போட்டிருந்தா இருக்கறதுலயே மெலிசான ஜி கம்பி 0.045 இஞ்ச், ஈ கம்பி 0.105 இஞ்ச், அதாவது ரெண்டரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் மேல. பெரும்பாலானவங்களுக்கு இது போதும், வெரல் நோகுதுன்னா 40-100 போங்க. நாலு கம்பியும் சேர்ந்து கிட்டார் கழுத்த 70 கிலோவுக்கு மேல இழுத்துட்டிருக்கும், அதனால தடிமன மாத்துனா கழுத்து வளைவு மாறும், கழுத்துக்குள்ள வளைவ சரி பண்ண வெச்சிருக்கற ட்ரஸ் ராடுங்கற கம்பிய லேசா திருப்ப வேண்டி வரும். இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல.

பெரிய குழப்பமே சுத்துல தான். நடுவுல ஒரு இரும்புக் கம்பி, அது மேல இன்னொரு கம்பிய சுத்தியிருக்காங்க. சுத்துன கம்பி உருண்டையா இருந்தா ரவுண்ட்வவுண்ட், வெரல்ல சொரசொரன்னு இருக்கும், சத்தம் பளிச்சுன்னு வரும். பட்டையா இருந்தா ஃப்ளாட்வவுண்ட், வழுவழுன்னு இருக்கும், சத்தம் தும்னு உருண்டையா வரும். ரவுண்ட சுத்திட்டு மேல தேய்ச்சு விட்டா ஹாஃப் ரவுண்ட், எனக்கு அது ரெண்டுங்கெட்டானா தான் பட்டுச்சு. கறுப்பு நைலான் டேப் சுத்துனதும் இருக்கு, நான் ஒரு ஃப்ரெண்டோட பேஸ்ல பத்து நிமிஷம் வாசிச்சதோட சரி.

ரவுண்ட்லயே நிக்கலா ஸ்டெயின்லெஸ்ஸான்னு ஒரு கேள்வி வரும். எங்க மாமா எவர்சில்வர் தகடு செய்யற சேலம் இரும்பாலைல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு. ஸ்டெயின்லெஸ் கம்பி வாங்கிட்டு வந்தேன் மாமா, நம்ம ஊரு சரக்கு தான்னு விளையாட்டா சொன்னேன். மனுஷன் எந்திரிச்சு போய் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த காந்தத்த எடுத்துட்டு வந்தாரு. கைல இருந்த காபி டம்ளர்ல வெச்சாரு, ஒட்டல, கீழ விழுந்துச்சு. என் கம்பில வெச்சாரு, டப்புன்னு ஒட்டிக்கிச்சு. "பாத்தியா மாப்ள, எவர்சில்வர்லயே காந்தம் பிடிக்கறது, பிடிக்காததுன்னு ரெண்டு சாதி இருக்கு, உன் கிட்டார்ல காந்தம் இருக்கில்ல, டம்ளர் கம்பிய மாட்டுனா அது உன்ன திரும்பியே பாக்காது"ன்னாரு. கம்பிக்கு அடில சத்தத்த பிடிக்கற பிக்அப்ங்கறதே காந்தத்துல செம்புக் கம்பிய சுத்துனது தானே, இரும்பு அது மேல ஆடுனா தான் கரண்ட் வரும். எட்டு வருஷம் வாசிச்சும் எனக்கு இது தோணவே இல்ல.

சரி, வித்தியாசம் என்னன்னா, நிக்கல்னு நாம சொல்றது பெரும்பாலும் இரும்பு மேல நிக்கல் முலாம். சத்தம் கொஞ்சம் சாந்தமா இருக்கும், ஃப்ரெட்ட அவ்வளவா தேய்க்காது. ஸ்டெயின்லெஸ் கணீர்னு இருக்கும், வேர்வைய தாங்கும், ஆனா கடினம், வருஷக்கணக்குல வாசிச்சா ஃப்ரெட்ல பள்ளம் விழும்.

வேர்வைன்னதும் என் கதைக்கு வந்துட்டேன். எனக்கு கை வேர்க்கும்ங்க. சும்மா வேர்க்காது, சித்திரை மாசம் சேலத்துல ஏசி இல்லாத மண்டபத்துல ரெண்டு மணி நேரம் வாசிச்சா முட்டிங்கைலருந்து சொட்டும். நிக்கல் ரவுண்ட் எனக்கு பதினஞ்சு இருபது நாள்ல செத்துரும். சுத்துக்கு நடுவுல இருக்கற பள்ளத்துல வேர்வையும் எண்ணெயும் தோலும் போய் அடைஞ்சுக்கும், துடைச்ச துணி கன்னங்கரேல்னு வரும், வெரல மோந்தா பழைய பித்தள பாத்திரம் மாதிரி ஒரு வாட. ஒரு தடவ யாரோ சொன்னாங்கன்னு கம்பிய தண்ணில போட்டு கொதிக்க வெச்சேன், அழுக்கு விட்டு ஒரு வாரம் புதுசு மாதிரி கேட்டுச்சு, அம்மா அந்த பாத்திரத்த இன்னும் சமையலுக்கு எடுக்கறதில்ல. எலிக்சிர் மாதிரி மேல கோட்டிங் போட்ட கம்பி நின்னு உழைக்குது தான், விலைய பாத்துட்டு நான் தள்ளியே வெச்சிருக்கேன்.

அப்ப தான் ஃப்ளாட்வவுண்ட் பைத்தியம் பிடிச்சுது. மோட்டவுன்ங்கற அமெரிக்க ரெக்கார்டு கம்பெனில பேஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் லா பெல்லா கம்பெனி ஃப்ளாட் கம்பிய மாட்டிட்டு, அறுந்தா ஒழிய மாத்தவே மாட்டாராம்னு படிச்சேன். வேர்வக் கைக்காரனுக்கு இத விட வேற என்ன வேணும். பள்ளமே இல்ல, அழுக்கு போய் எங்க அடையும்? காச சேத்து ஒரு செட் வாங்கி மாட்டுனேன். ஏற்காட்டு சர்ச்ல அத வாசிச்ச மொத நாள் இன்னும் நெனப்பு இருக்கு, கல்லு செவுரு, வெளிய பனி மூட்டம், பத்து பதினஞ்சு பேரு பாடறாங்க, ஒரு கீபோர்டு, அடில இந்த கம்பி கோயில் மணிய துணில சுத்தி அடிச்ச மாதிரி தும் தும்னு. ஃபாதரே வந்து நல்லா இருந்துச்சுன்னாரு, வழக்கமா சத்தத்த கொறைங்கம்பாரு.

அடுத்த வாரமே கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு ரிசப்ஷன். நாலாவது பாட்டு ஓடிட்டிருக்கு, மைக் செட் அண்ணன் சைகைல என்னமோ சொல்றாரு, புரியல. பக்கத்துல வந்து காதுல சொல்றாரு, "தம்பி, பேஸ ஆன் பண்ணுங்க." நான் ஆன்ல தாங்க இருக்கேன்! நாலு பாட்டு வேர்க்க விறுவிறுக்க வாசிச்சிருக்கேன், ஒருத்தருக்கும் கேக்கல.

வீட்டுக்கு வந்து யோசிச்சா தான் விஷயம் புரிஞ்சுது. ஈ கம்பிய சும்மா தட்டுனா 41 ஹெர்ட்ஸ். அங்க இருந்தது ஸ்டாண்டு மேல ரெண்டு சின்ன பாக்ஸு, சப்வூஃபர் கெடையாது, அதுக்கு 41லாம் ஒரு கணக்கே இல்ல. அந்த மாதிரி எடத்துல நம்ம காது பேஸ பிடிக்கறது மேல வர்ற 82, 123ன்னு அடுக்கடுக்கா போற துணை ஒலிங்கள வெச்சு தான். ரவுண்ட்ல அது நெறைய, ஃப்ளாட்ல மேல போகப் போக கொறைஞ்சுரும். சர்ச்ல சுகமா இருந்த அதே கொறை தான் மண்டபத்துல என்ன ஊமையாக்கிருச்சு. அதனால கம்பி வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு தான் நான் பாக்க சொல்லுவேன், ஒண்ணு உங்க கை, இன்னொண்ணு நீங்க வாசிக்கற எடத்து ஸ்பீக்கர். வீட்டுல ஹெட்ஃபோன் போட்டு கேட்டுட்டு முடிவு பண்ணவே பண்ணாதீங்க.

இப்ப நான் எப்படின்னா, பழைய பேஸ் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல மாட்டுச்சு, ஃப்ளாட் அதுல நாலு வருஷமா கெடக்கு, மலைக்கு அது தான் வரும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேல போனதும் குளிர்ல கம்பி லேசா சுருங்கி சுதி ஏறியிருக்கும், கால் மணி நேரம் வெளிய வெச்சுட்டு அப்புறம் ட்யூன் பண்ணுவேன். மண்டபத்துக்கு நிக்கல் ரவுண்ட் 45-105, பெரிய கச்சேரிக்கு ஒரு வாரம் முன்னாடியே மாட்டி பளபளப்பு அடங்குனதும் எடுத்துட்டு போவேன். கேஸ்ல எப்பவும் ஒரு பழைய வேட்டித் துணி இருக்கும், பாட்டுக்கு பாட்டு துடைச்சுடுவேன்.

மாட்டறப்போ ஒண்ணு, பெக்க தாண்டி நாலு வெரக்கட விட்டு, மொதல்ல மடக்கிட்டு அப்புறம் வெட்டுங்க. மடக்காம வெட்டுனா சில கம்பில மேல் சுத்து லூசாகி சத்தம் சவசவன்னு போயிரும். நான் அப்படி ஒரு ஏ கம்பிய கொன்னுருக்கேன்.

அந்த தம்பிக்கு வருவோம். டீக்கடைல கைய காட்டுடான்னேன், காஞ்ச விறகு மாதிரி இருந்துச்சு, பொறாமையா போச்சு. உனக்கு எதுவும் செட்டாகும், நிக்கல் ரவுண்ட் வாங்குன்னு சொல்லி அனுப்புனேன். நேத்து கடைலருந்து வாட்ஸ்அப்ல பாக்கெட் போட்டோ அனுப்பியிருக்கான், 45-105, நிக்கல், எல்லாம் சரி, ஸ்கேல் போட்டிருக்கற மூலைல மட்டும் கட்ட வெரல வெச்சு மறைச்சுருக்கான். வெரல எடுத்துட்டு இன்னொரு போட்டோ அனுப்புடான்னு போட்டேன். இன்னும் வரல.