டேங்க் காலி, ஆனாலும் ‘டேங்க் நிரம்பியது’ விளக்கு எரிகிறது: எங்கள் டிரையரைச் சரிசெய்த அனுபவம்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே, ஐடா ஸ்கடர் சாலையை ஒட்டிய சந்துகளில், சிகிச்சைக்கு வருகிறவர்களின் குடும்பங்கள் தங்குவதற்கென்றே ஏராளமான அறைகள் உண்டு. எங்கள் வீட்டு மாடியிலும் சில அறைகளை அப்படித்தான் வாடகைக்கு விட்டிருக்கிறோம். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று தூரத்திலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். உடம்புக்கு முடியாதவர்கள் படுக்கிற விரிப்பில் ஈரவாடை இருக்கவே கூடாது என்பதில் நான் கண்டிப்பு. சித்திரை வெயிலில் மொட்டை மாடிக் கொடியில் போட்டால் மொறமொறவென்று காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் கொடியால் பயன் இல்லை. அதற்காகத்தான் துணி காயவைக்கும் மெஷினான கண்டென்சர் டிரையர் வாங்கினோம்.

போன மழைக்காலத்தின் நடுவில் அது மக்கர் செய்தது. போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே நின்றுவிடும். ‘தண்ணீர் டேங்க் நிரம்பியது’ என்ற விளக்கு எரியும். துணியிலிருந்து பிரியும் தண்ணீர் சேர்வதற்காக மெஷினிலேயே இருக்கும் அந்த டேங்கை இழுத்துப் பார்த்தால் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட இருக்காது. மெஷினுக்கு முன்னால் தரையில் மட்டும் ஈரம்.

எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள்: உப்புத் தண்ணீர். எங்கள் ஊரில் கீசர் போனாலும், வாஷிங் மெஷின் போனாலும், குழாய் அடைத்தாலும் போர் தண்ணீர்தான் குற்றவாளி. பெரும்பாலும் அது உண்மையும்கூட. போனில் பேசிய சர்வீஸ் ஆள், “உப்பு ஏறி சென்சார் போயிருக்கும் மேடம், போர்டையே மாத்திடலாம்” என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. டிரையருக்குள் குழாய்த் தண்ணீர் எங்கே போகிறது? துணியில் இருக்கும் ஈரம் ஆவியாகித்தானே உள்ளே தண்ணீராகிறது! இட்லிப் பானை மூடியில் சொட்டும் தண்ணீர் மாதிரிதான் அதுவும். உப்பு துணியிலேயே தங்கிவிடும், ஆவியோடு ஏறாது. அப்படியானால் அடைப்பது வேறு ஏதோ ஒன்று.

அந்த மெஷினில் தண்ணீர் போகிற வழியை முதலில் தெரிந்துகொண்டேன். டிரம்முக்குள் சூடான காற்று துணியின் ஈரத்தை வாங்கிக்கொண்டு கண்டென்சருக்கு வருகிறது. கண்டென்சரின் தகடுகளுக்கு ஒரு பக்கம் இந்த ஈரக் காற்று, மறுபக்கம் அறையின் காற்று. குளிர்ந்ததும் ஆவி தண்ணீராகி அடியில் உள்ள சின்னத் தொட்டியில் சேர்கிறது. அங்கே ஒரு சிறிய பம்ப் இருக்கிறது. அது மெல்லிய டியூப் வழியாகத் தண்ணீரை மேலே இருக்கும் டேங்குக்குத் தள்ளுகிறது. மேல் டேங்க் நிரம்பினால், மிச்சம் இன்னொரு வழியாகக் கீழ்த் தொட்டிக்கே திரும்பி வரும். அங்கே ஒரு மிதவை உண்டு. தண்ணீர் உயர்ந்தால் மிதவை மேலே வரும், விளக்கு எரியும், மெஷின் நிற்கும்.

எங்கள் மெஷினில் மேல் டேங்கில் சென்சாரே கிடையாது என்பது இங்கே முக்கியம். விளக்கு சொல்வது ‘கீழே தண்ணீர் தேங்கிவிட்டது’ என்பதை மட்டும்தான். டேங்க் நிரம்பி வழிந்தாலும் அதே விளக்கு, தண்ணீர் மேலே ஏறாமல் போனாலும் அதே விளக்கு. மிதவை பிசுபிசுப்பில் ஒட்டி மேலேயே நின்றுவிட்டாலும் அதேதான்.

பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் தம்பியைக் கூப்பிட்டேன். டிரையர் அவருக்குப் புதுசு, ஆனால் பம்பும் மோட்டாரும் கைவந்த வேலை. விஷயத்தைச் சொன்னதும், “அப்ப பம்ப் தள்ளுதா இல்லையான்னு முதல்ல பார்த்துடலாம்க்கா” என்றார். மேல் டேங்குக்குப் போகும் டியூபைப் பின்பக்கத்தில் கழற்றி, முனையை ஒரு பக்கெட்டில் விட்டு, ஈரத் துணியோடு மெஷினை ஓட விட்டோம். பக்கெட்டில் தண்ணீர் நன்றாகக் கொட்டியிருந்தால் கோளாறு மேலே என்று அர்த்தம்: டேங்கின் வாயில் உள்ள சல்லடையோ, காற்றுத் துளையோ அடைத்திருக்கலாம், அல்லது டேங்க் சரியாக உட்காராமல் இருக்கலாம். ஒன்றுமே வராமல், பம்ப் சத்தமும் இல்லாமல் இருந்திருந்தால் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். எங்களுக்கு நடந்தது மூன்றாவது. பம்ப் உறுமுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது, தண்ணீர் மட்டும் நூல் போல வந்தது. போர்டு மாற்றும் பேச்சு அதோடு முடிந்தது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெஷின் முழுசாக ஆறும்வரை காத்திருந்தோம். ஹீட்டர் 2 கிலோவாட் அளவுக்கு இழுக்கிற மெஷின் இது. சுவிட்சை அணைத்தால் போதும் என்று யாரும் நினைக்கக் கூடாது. பின்பக்கம் கீழே பம்பை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவரின் ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் விஷயம் தெரிந்துவிட்டது. தொட்டி முழுக்கச் சாம்பல் நிறத்தில் குழைந்த பஞ்சு. பம்பின் விசிறியைச் சுற்றி அதே பஞ்சு கம்பளி போல இறுகியிருந்தது. மிதவையின் மேலும் வழவழப்பான படலம், விரலால் அழுத்தினால்தான் இறங்கியது. கூடவே நின்ற எங்கள் வேலைக்கார அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, “புது டவல் நூலும்மா இது” என்றார். சரிதான். மழைக்கு முன்னால் எல்லா அறைகளுக்கும் புது டவல் போட்டிருந்தோம். புதுப் பருத்தி டவல் முதல் சில சலவைகளுக்கு நிறைய நூல் கொட்டும். கதவோரத்து ஃபில்டரைத் தாண்டிப் போகிற பொடிப் பிசிறு, கண்டென்சர் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடுகிறது.

தொட்டியைத் துணியால் வழித்து எடுத்தோம். விசிறியில் சுற்றியதைச் சிறிய இடுக்கியால் பிய்த்தோம். டியூபுக்கு மருந்துக் கடையில் ஒரு 50 மில்லி சிரிஞ்சு வாங்கி வந்தோம். சி.எம்.சி. பக்கம் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும், இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கருவியை நான் பார்த்ததில்லை. வெதுவெதுப்பான தண்ணீரை நிரப்பி டியூபின் ஒரு முனையில் வைத்து அழுத்தினால், மறுமுனையில் விரல் நீளத்துக்கு ஒரு பஞ்சுத் திரி வெளியே வந்து விழுந்தது. கம்பி விட்டுக் குத்த வேண்டாம், டியூப் கிழிந்தால் அது தனிச் செலவு.

மறுபடி பூட்டுவதற்கு முன் தரை ஈரத்துக்கும் காரணம் தேடினோம். ஒன்று, கண்டென்சர் உட்காரும் வாயில் உள்ள ரப்பரில் பஞ்சு ஒட்டி, இடைவெளி விட்டிருந்தது. இன்னொன்று இந்த மெஷினை எந்த ஊரில் வைத்திருந்தாலும் வரக்கூடியது, ஆனால் நம் வீடுகளில் கட்டாயம் பார்க்க வேண்டியது. துணி துவைக்கும் இடத்தில் கொத்தனார் தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்கு வாட்டம் கொடுத்திருப்பார். அதன் மேல் டிரையரை வைத்தால் அதுவும் சாய்ந்துதான் நிற்கும். எங்களுடையது முன்பக்கம் சாய்ந்திருந்தது, பம்ப் இருப்பதோ பின்பக்கம். தண்ணீர் பம்புக்குப் போகாமல் முன்னாலேயே தேங்கி, பஞ்சும் அங்கேயே படிந்து, கசிந்திருக்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்து முன்கால்களைத் திருகி உயர்த்தினோம். இந்த ஒரு வேலையை மெஷின் வாங்கிய அன்றே யாராவது வந்து செய்து கொடுத்திருக்க வேண்டும். பொருத்த வந்தவர் பிளக் மாட்டிவிட்டுப் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

எல்லாவற்றையும் பூட்டுவதற்கு முன் கண்டென்சர் குழியில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினோம். அது தானாகப் பின்பக்கம் ஓடித் தொட்டியில் சேர்ந்தது. கண்டென்சரை மாட்டி ஓட விட்டதும் மேல் டேங்குக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு முழு லோடு விரிப்பு போட்டோம், நிற்காமல் காயவைத்துக் கொடுத்தது. 7 கிலோ துணி, நன்றாகப் பிழிந்த பிறகும், சுமார் 4 லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே ஒரு லோடுக்கு டேங்க் ஏறக்குறைய நிரம்பினால் மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

டேங்கைத் தூக்கித் தூக்கி ஊற்றுவது எங்கள் அக்காவுக்குச் சிரமம் என்பதால், இப்போது டியூபை நேராகச் சாக்கடைக் குழாய்க்கே விட்டுவிட்டோம். ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீரைத் தூக்க அந்தச் சின்ன பம்பால் முடியாது. முனை தேங்கிய தண்ணீரில் மூழ்கவும் கூடாது, மூழ்கினால் அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குள் திரும்பி வரும். இந்தத் தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். உப்பு இல்லைதான், ஆனால் நூலும் சோப்பின் மிச்சமும் கலந்திருக்கும்.

கோடையில் டேங்க் குறைவாக நிரம்பினால் பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும்போது அறைக் காற்றே சூடாக இருப்பதால் கண்டென்சர் சரியாகக் குளிராது, ஆவி தண்ணீராகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அல்லது துணியை மாடிக்கே எடுத்துப் போங்கள்.

சுத்தம் செய்த பிறகும் பம்பில் சத்தமே வரவில்லை என்றால் மீட்டர் வைத்துப் பார்க்கத் தெரிந்தவரைக் கூப்பிடுவதுதான் நல்லது. அவரிடம் ‘டேங்க் லைட் எரியுது’ என்று மட்டும் சொல்லாமல், டியூபிலிருந்து தண்ணீர் எப்படி வந்தது, பம்ப் சத்தம் கேட்டதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்கள் அக்கா இப்போது ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் ஃபில்டரைத் தட்டுகிறார், மாதம் ஒருமுறை கண்டென்சரைக் குழாயடியில் பிடித்துக் கழுவி, சொட்டச் சொட்ட மாட்டாமல், நிழலில் உலர்த்தித்தான் மாட்டுகிறார்.