பத்துக்குப் பத்து

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு மகளிர் மேல்நிலைப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்காக ஆறு சனிக்கிழமைகள் ஊடக விழிப்புணர்வு வகுப்பு நடத்தினோம். சிவப்பழகு கிரீம் விளம்பரத்தில் வரும் முகத்தைக் கணினியில் எப்படித் திருத்துகிறார்கள், வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவக் குறிப்பு எங்கிருந்து புறப்பட்டது என்பதை எப்படித் தேடுவது என்பவைதாம் பாடங்கள். கடைசி நாளன்று பத்துச் செய்திகள் அச்சிட்ட தாளைக் கொடுத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் சரி அல்லது தவறு என்று குறிக்கச் சொன்னோம். பெரும்பாலானோர் எட்டுக்கு மேல் வாங்கினார்கள். நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பிய அறிக்கையில் அந்த மதிப்பெண்ணைத் தடித்த எழுத்தில் போட்டவள் நான்தான்.

அண்மையில் அலமாரியை ஒழித்தபோது அந்தத் தாள்கள் கைக்குக் கிடைத்தன. ஒருத்தி பத்துக் கட்டங்களிலும் ஒரே வேகத்தில், பேனாவைத் தூக்காத குறையாக, பெருக்கல் குறி போட்டிருந்தாள். அவளுக்குப் பத்துக்குப் பத்து. அதைக் கண்ட பிறகுதான் உறைத்தது: நாங்கள் கொடுத்த பத்துமே பொய்ச் செய்திகள். ஒன்றுவிடாமல் ஆராய்ந்து விடையளித்தவளையும், எதையும் படிக்காமல் எல்லாவற்றையும் அடித்துத் தள்ளியவளையும் எங்கள் தேர்வால் பிரித்தறிய முடியாது.

அந்த மாணவி இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். பள்ளிக்குச் சென்று பார்த்தேன். எங்கள் வகுப்பை நன்றாக நினைவு வைத்திருந்தாள். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று சுற்றிய ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பொய் என்று தன் அம்மாவிடம் வாதிட்டதாகச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. "அப்ப மாத்திரை சாப்பிடுறியா?" என்று கேட்டேன். "இல்ல மிஸ். நல்லதுன்னு சொல்ற போஸ்டரும் விளம்பரந்தானே. நீங்கதான விளம்பரத்த நம்பக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள்.

வகுப்பின் தாக்கம் மூன்று ஆண்டுகள் நிலைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நிலைத்தது எது என்பதுதான் சிக்கல்.

இதே பிழையைத் தவிர்த்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். பிகாரில் 583 கிராமங்களில் 13,500-க்கும் மேற்பட்ட பதின்பருவத்தினரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. ஒரு சாராருக்குப் பல வாரங்கள் ஊடகக் கல்வி கொடுத்து, மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். பொய்யை மட்டுமல்லாமல் மெய்யையும் கலந்து கொடுத்து, இரண்டையும் பிரித்தறியும் திறனை அளந்தார்கள். நான்கு மாதங்கள் கழித்தும் அந்தத் திறன் குறையவில்லை. வகுப்பில் உடல்நலச் செய்திகளையே பெரிதும் பேசியிருந்தும், அரசியல் பொய்களை இனங்காண்பதிலும் அது உதவியது. வகுப்புக்கே வராத பெற்றோரிடமும் ஓரளவு தொற்றியது. ஆய்வாளர்களில் ஒருவரான சுமித்ரா பத்ரிநாதன், அதே பிகாரின் கயா மாவட்டத்தில், 2019 மக்களவைத் தேர்தலையொட்டி, 1,224 பேரிடம் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயிற்சியைச் சோதித்திருந்தார். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அதனால் பலனில்லை. வயது, காலம், வகுப்பறை ஆகிய மூன்றும் மாறியதால் எது வேலை செய்தது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாவிட்டாலும், ஒரு நாள் பயிலரங்கு நடத்திக் குழுப்படம் எடுத்துக்கொள்ளும் நம் வழக்கத்தைப் பற்றி அது ஏதோ சொல்லத்தான் செய்கிறது.

விளம்பரம், உடல் தோற்றம் என்ற எங்கள் முதற்பாடத்துக்கு நெருக்கமானது ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைமன் வில்க்ஷ், டிரேசி வேட் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு. எட்டாம் வகுப்பு மாணவ மாணவியர் 540 பேரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் எட்டுப் பாடங்கள் நடத்திவிட்டு, 30 மாதங்கள் கழித்தும் திரும்பிச் சென்று அளந்தார்கள். உடல் வடிவம், எடை பற்றிய கவலை, பாடம் கேட்டவர்களிடம் அப்போதும் குறைவாக இருந்தது. அந்த வயதில் இத்தகைய கவலை ஆண்டுக்கு ஆண்டு கூடுவது இயல்பு. ஆகவே கேட்காதவர்களையும் கூடவே அளந்திராவிட்டால், பாடத்தின் பயன் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கலாம். நாங்கள் பக்கத்து வகுப்பு மாணவியரிடம் அந்தத் தாளைக் கொடுத்துப் பார்க்கக்கூட எண்ணவில்லை. அதற்கு ஆகும் செலவு ஜெராக்ஸ் காசுதான்.

நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஊரகப் பகுதிகளில் 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களிடம் 2023-இல் எடுத்த ஏசர் (ASER) என்னும் கல்விநிலைக் கணக்கெடுப்பின்படி, ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 விழுக்காட்டினரிடம் சொந்தமாகப் போன் இருந்தது, பெண்களில் 19.8 விழுக்காட்டினரிடம்தான். அண்ணன் கையில் இருக்கும் போனில் வந்த செய்தியைப் பொய் என்று கண்டுகொண்டவள் அடுத்து என்ன செய்தாள், வாயைத் திறந்தாளா, திறந்தபோது வீட்டில் என்ன சொன்னார்கள் என்பவற்றையெல்லாம் சரி, தவறு கட்டங்கள் பிடிக்காது. உட்கார்ந்து பேசினால்தான் தெரியும்.

அதனால் புதிய தாள் ஒன்றைத் தயாரித்திருக்கிறேன். ஐந்து மெய், ஐந்து பொய். மாத்திரை போஸ்டரும் அதில் உண்டு. அந்த வகுப்பில் இருந்த எல்லாரையும் தேடிப் பிடித்துப் பேசத் தொடங்கியிருக்கிறேன். பள்ளியில் இருப்பவர்களைப் பிடிப்பது எளிது. வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்கப்பட்ட பெயர்கள்தாம் பாடாய்ப் படுத்துகின்றன. அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் கணக்கிட்டால் அறிக்கை மறுபடியும் அழகாகத்தான் வரும். ஒருத்திக்குக் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். இன்னொருத்தி நூற்பாலை விடுதியில் இருக்கிறாள். அங்கே ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும்தான் போனைக் கையில் கொடுப்பார்களாம். நாலரை மணிக்கு மேல் கூப்பிடுகிறேன் என்று அவளுடைய அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.