எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத தரைத்தளம்

பல துறைகள் பங்கிட்டுக்கொள்ளும் ஆய்வுக் கட்டடத்தை வடிவமைக்க உட்கார்ந்தால், முதல் கூட்டத்திலேயே எழும் கேள்வி எங்கள் துறைக்கு எத்தனை சதுர அடி என்பதுதான். சென்னைக்கு அருகே ஒரு பல்கலைக்கழகத்துக்காக நாங்கள் எடுத்துச் செய்த பணியிலும் வேதியியல், உயிரியல், இயற்பியல் ஆகிய மூன்று துறையினரும் தத்தம் பங்கை எழுதிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். அந்தக் கணக்கைப் பிறகு பார்க்கலாம், காற்றும் நீரும் கழிவும் போய்வரும் வழியையும் பொதுக் கருவிகளின் இடத்தையும் முதலில் முடிவுசெய்வோம் என்று நான் சொன்னது யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

வேதிப்பொருள்களைக் கையாளும் அறையின் காற்றை, அலுவலகத்தில் செய்வதுபோல் குளிர்வித்து மறுபடி அறைக்குள்ளேயே விட முடியாது. நச்சுப்புகையை இழுத்து வெளியேற்றும் பெட்டியான ஃப்யூம் ஹூட்டின் முகப்பில் நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் வேகத்தில் இழுக்கப்படும் காற்று மொட்டைமாடிக்கு மேலே வெளியேறியாக வேண்டும். அதற்கு ஈடாக, நம் கடற்கரைப் புழுக்கம் முழுவதையும் சுமந்துவரும் வெளிக்காற்றை உலர்த்திக் குளிர்வித்து உள்ளே அனுப்ப வேண்டும். காற்றைக் கொண்டுசெல்லும் டக்டுகள் பெருத்து, தளங்களின் உயரம் கூடி, அவை தளம் தளமாக மேலேறும் செங்குத்து வழிகளான ஷாஃப்டுகள் இடத்தை விழுங்குவது இதனால்தான்.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காக வடிவமைத்த ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகங்கள் 1960-இலேயே இந்த ஏற்பாட்டை மறைக்காமல் காட்டின. படிக்கட்டுகளும் காற்றுப்போக்கிகளும் செங்கல் கோபுரங்களாக ஆய்வறைகளுக்கு வெளியே எழுந்து நின்றன. கட்டடக் கலைஞர்கள் கொண்டாடிய அந்த அறைகளுக்குள், கண்கூசும் வெயிலைத் தாங்காமல் ஆய்வாளர்கள் சன்னல்களில் அலுமினியத் தாளை ஒட்டிக்கொண்டார்கள். பின்னர் கலிபோர்னியாவின் சால்க் உயிரியல் ஆய்வு நிறுவனத்தில், ஆய்வகத் தளங்களுக்கு இடையே குழாய்களுக்கென்றே ஆள் நின்று வேலைபார்க்கும் உயரத்தில் தனித் தளங்களைக் கான் அமைத்தார். நம் ஊர் வரவுசெலவில் அப்படிக் கேட்டால் கோப்பு அந்த மேசையைவிட்டு நகராது. எனவே ஷாஃப்டுகளை மேற்குச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினோம். மாலை வெயிலுக்கும் அவையே மறைப்பாயின.

தரைத்தளத்தைப் பொதுக் கருவிகளுக்கு விட்டதில்தான் வாக்குவாதம் நீண்டது. எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு நடமாட்டத்தின் சிறு அதிர்வும் ஆகாது, சுற்றுக் காந்தப்புலத்தைக் கலைத்தபடி மேலேறி இறங்கும் லிஃப்டின் இரும்பும் ஆகாது. மூலக்கூறுகளின் அமைப்பை வலிய காந்தத்தால் ஆராயும் என்.எம்.ஆர். கருவியின் காந்தப்புலமோ சுவர், கூரை எதையும் மதிப்பதில்லை; இதயமுடுக்கி பொருத்தியவர்கள் தாண்டக்கூடாத 5 காஸ் (காந்தப்புல வலிமையின் அலகு) எல்லையை, மாடியறையையும் சேர்த்து, வரைபடத்தில் குறித்தாக வேண்டும். அந்தக் கருவியைப் பல ஆண்டுகள் பராமரித்துவந்த தொழில்நுட்பர் பிளானைப் பார்த்ததும் கேட்டது வேறு: “சார், திரவ ஹீலியம் ஊற்றும் குழாயைக் கருவிக்கு மேலே நேராகத் தூக்கித்தானே இறக்க வேண்டும், இந்த ஃபால்ஸ் சீலிங்கை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூக்குவது?” பேராசிரியர்கள் தந்த தேவைப்பட்டியலில் அந்த உயரம் இல்லை. சீலிங்கை நீக்கினோம், திரவ ஹீலியத்தால் குளிர்ந்து மின்தடையின்றி இயங்கும் காந்தம் திடீரென அந்த மீக்கடத்துநிலையை இழந்தால் பொங்கும் ஹீலியம் வெளியேற, கூடவே ஒரு குழாயை வெளிச்சுவர்வரை கொண்டுபோனோம்.

துறைகள் கலந்து பழகுவதற்கென்று சோபாவும் செடியுமாக வரையப்படும் கூடங்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வேதியியல் மாணவரும் உயிரியல் மாணவரும் உண்மையில் பேசிக்கொள்வது, மாதிரியைக் கையில் வைத்துக்கொண்டு தம் முறைக்குக் காத்திருக்கும்போதுதான். ஆகவே கருவியறைகளுக்கு எதிரே தாழ்வாரத்தை அகலப்படுத்தி, நீண்ட திண்ணையும் எழுதுபலகையும் மின்செருகிகளும் கேட்டேன். செலவைச் சரிபார்த்த அலுவலர் அதை வீணான பரப்பு என்று அடித்துவிட்டார். காத்திருப்போர் இடம் என்று பெயர் மாற்றி அனுப்பியபோது, ஒரு சதுர அடியும் குறையாமல் ஒப்புதல் வந்தது.