சாம்பல் எழுத்து

ஜூன் 3
அப்பாவின் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி இன்னும் தரவில்லை. சர்க்கரை இறங்கினால்தான் கண்ணில் கை வைப்பார்களாம்.
ராத்திரி பாடத்தின் முதல் வீடியோ. ஒன்பது வருடமாக வெப்சைட் செய்து பிழைப்பவனுக்குப் பட்டன் என்றால் என்ன என்று பாடம். எரிச்சலாக இருந்தது.

ஜூன் 4
மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் தட்டிப் பார்க்கச் சொன்னார்கள். சித்தப்பா கடைக்கு நான் செய்து கொடுத்த பக்கத்தில் தட்டினேன். மெனு, தேடல் பெட்டி, அப்புறம் நேராகக் கீழே போன் நம்பர். 'ஆர்டர் செய்' மேல் நிற்கவே இல்லை. அது பட்டனே இல்லை, பட்டன் மாதிரி கலர் அடித்த டிவ், அதாவது வெறும் பெட்டி. ஆறு வருடமாக அப்படியே கிடக்கிறது.

ஜூன் 5
சர்க்கரை 240. அல்வா யார் வாங்கிக் கொடுத்தது என்று வீட்டில் விசாரணை.

ஜூன் 7
ஒரு கமிட்டுக்கு ஒரு மாற்றம். கமிட் என்றால் மாற்றத்தைக் குறிப்போடு சேமிப்பது; ஏன் மாற்றினோம் என்று அதில் எழுத வேண்டும். என் பழைய கமிட்டுகள்: 'சரி செய்தது', 'மறுபடி சரி', 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ப்ளீஸ்'. லினக்ஸ் கர்னலுக்காக 2005-ல் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட்டை, மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கருவியை, நான் ஜிப் ஃபைல் மாதிரி வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூன் 8
இன்றைக்குப் பாடம் நிறங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும். பெரிய எழுத்தானால் 3 போதும். கடைப் பக்கத்தில் விலைகளுக்கு நான் போட்ட சாம்பலின் நிறக் குறியீடு 999999. வெள்ளையில் வைத்து அளந்தால் 2.85 வருகிறது. 767676 வரை இருட்டினால்தான் 4.54, அதுவும் மயிரிழையில். அன்றைக்கு அந்த வெளிறிய சாம்பல் 'க்ளீனாக' இருக்கிறது என்று தேர்ந்தெடுத்தேன். "எழுத்து எங்கடா?" என்று அப்பா இரண்டு வருடமாகக் கேட்கிறார். கண்புரை அப்பா, ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறேன். அதில் கண்புரை எவ்வளவு, நான் எவ்வளவு?

ஜூன் 9
2.85.

ஜூன் 11
தேடல் பெட்டியில் ஒற்றை மேற்கோள் ஒன்றைப் போட்டேன். பக்கம் முழுக்க டேட்டாபேஸ் எரர். தட்டுகிறதை அப்படியே டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்க்யூஎல் கட்டளை வரியோடு ஒட்டியிருக்கிறேன், படுபாவி. மதிப்பைத் தனியாக அனுப்பும்படி மாற்றி முடிக்க மணி ஒன்றரை. கமிட்டில் காரணமும் எழுதினேன். சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 12
168! வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 13
உற்சாகத்தில் எல்லா ஃபைலிலும் ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளை அறிவிக்கும் பழைய சொல்லான வார்-ஐ ஒரே மூச்சில் புதிய லெட் ஆக்கினேன். பில் பக்கம் படுத்துவிட்டது. திருப்பிப் போட்டேன். ஒரு கமிட்டுக்கு ஒரு மாற்றம்.

ஜூன் 15
'ஆர்டர் செய்' இப்போது நிஜ பட்டன். விலைகளுக்கு 595959, அது 7-க்கு 1. ஆபரேஷனுக்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும் என்று லேப்டாப்பை அப்பா மடியில் வைத்தேன். "ஆணி, கால் கிலோ" என்று படித்தார். விலையை 80 என்றார். அது 60.
நாளைக்குக் காலை 7 மணிக்குக் கிளம்ப வேண்டும். சொட்டு மருந்தைப் பையில் போட்டாயா என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்.