கம்பெனி ஸ்டீரியோவைக் கழற்றி எறியாமல் ஆம்ப், சப்வூஃபர்: இணைத்துப் பார்த்த அனுபவம்

வண்டி ஒரு ஹேட்ச்பேக். டேஷ்போர்டோடு சேர்ந்தே வரும் ஸ்டீரியோ. பின்னால் ஆர்சிஏ அவுட்புட் (ஆம்புக்குச் சிக்னல் தரும் சாக்கெட்) கிடையாது. சேர்க்க வேண்டியவை: 300 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய பவர்) மோனோ ஆம்ப், அதாவது ஒரே சேனல் ஆம்ப்ளிஃபையர், 4 ஓம் 10 இஞ்ச் சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்). ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் ஹைலெவல் இன்புட் உள்ள ஆம்பாகப் பார்த்து எடுத்ததால் தனிக் கன்வெர்ட்டர் தேவைப்படவில்லை.

முதலில் கரண்ட் கணக்கு. 300 வாட்ஸ் வெளியே வர, 80 சதவீதத் திறனுள்ள கிளாஸ் டி ஆம்ப் 375 வாட்ஸ் இழுக்கும், 13.8 வோல்ட்டில் சுமார் 27 ஆம்பியர். 8 கேஜ் முழுச் செம்பு வயரும் 40 ஆம்பியர் ஃபியூஸும் போதும். சிசிஏ என்று மலிவாகக் கிடைப்பது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம். அதுதான் கிடைக்கிறது என்றால் அதைவிடத் தடிமனான 4 கேஜ் வாங்குங்கள். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். அது காப்பது ஆம்பை அல்ல, வயரை. ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) துளையில் வயர் உரசித் தோல் கிழிந்து பாடியில் பட்டால் தீப்பிடிக்கும். அங்கே ரப்பர் கிராமெட் (துளை விளிம்பில் பொருத்தும் வளையம்) கட்டாயம்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே டேஷ்போர்டில் கை வைக்க வேண்டும். மஞ்சள் நிறக் கப்ளர்கள் ஏர்பேக்குக்கு உரியவை, அவற்றைத் தொடவே கூடாது.

அதிகம் பேர் தவறுவது சிக்னல் எடுக்கும் இடத்தில்தான். ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் நெகட்டிவ் வயர் எர்த் அல்ல. இன்றைய ஸ்டீரியோக்களில் இரண்டு வயர்களிலுமே பாடியை வைத்து அளந்தால் 6 வோல்ட் அளவில் டிசி நிற்கும். நெகட்டிவைப் பாடியில் சேர்த்தால் ஸ்டீரியோவின் உள் ஐசி போய்விடும். ஆகவே பிளஸ், மைனஸ் இரண்டும் ஜோடியாக ஆம்பின் ஹைலெவல் கப்ளருக்குப் போக வேண்டும். வயர் நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த மாடலின் வயரிங் படத்தைப் பாருங்கள். பின் ஸ்பீக்கர் வயரில் எடுத்தால், ஃபேடரை (முன், பின் ஸ்பீக்கர் ஒலியைப் பிரிக்கும் செட்டிங்) முன்பக்கம் தள்ளும்போது பேஸும் சேர்ந்து குறையும்.

அந்த 6 வோல்ட்டை உணர்ந்து தானே ஆன் ஆகும் ஆம்புகள் உண்டு. அந்த வசதி இல்லாவிட்டால் சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஏசிசி ஃபியூஸில் ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்திலிருந்து கூடுதல் வயர் எடுக்கும் இணைப்பான்) போட்டு, ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயர் எடுக்கலாம்.

எர்த்துக்கு டிக்கியில் பாடி உலோகத்தைத் தேர்ந்து, உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து, வெள்ளி போலப் பளிச்சிட்ட பிறகு லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) முறுக்க வேண்டும். சீட்பெல்ட் போல்ட்டில் மாட்டக் கூடாது. சோதிப்பது எளிது: பாட்டு சத்தமாக ஓடும்போது ஆம்பின் எர்த் டெர்மினலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே டிசி வோல்ட் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் பெயின்ட் மிச்சம் இருக்கிறது, அல்லது லக் சரியாக அழுந்தவில்லை. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் அந்த விசில் சத்தத்துக்கும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கெயினை (ஆம்பில் சிக்னல் அளவைச் சரிசெய்யும் திருகு) காதால் கேட்டு வைக்காதீர்கள். சப்வூஃபரைக் கழற்றி, பேஸ் பூஸ்ட்டை அணைத்து, 50 ஹெர்ட்ஸ் டோனை முக்கால் வால்யூமில் ஓடவிடுங்கள். 300-ஐ 4-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 34.6, ஆம்ப் அவுட்புட்டில் ஏசி வோல்ட் அந்த அளவைத் தொடும்போது திருகை நிறுத்துங்கள். 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் என்பதால் சாதாரண மல்டிமீட்டரே சரியாகக் காட்டும்.

இதே டோனில் இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். வால்யூமை ஒவ்வொரு படியாக ஏற்றி, ஸ்பீக்கர் வயரில் ஏசி வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதியில் ஏறாமல் நின்றால், ஸ்பீக்கரைக் காக்க ஸ்டீரியோவே பேஸை வெட்டுகிறது. கெயினை ஏற்றினாலும் தீராது.

லோபாஸ் (குறித்த அதிர்வெண்ணுக்கு மேலான ஒலியை வெட்டும் ஃபில்டர்) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கடைசியாகச் சப்வூஃபர் வயரைப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கேளுங்கள். டிரைவர் சீட்டில் எப்படி மாட்டினால் பேஸ் கனமாக இருக்கிறதோ அதுவே சரி. ஒரு வாரம் ஓட்டியபின் செம்பு இழைகள் அழுந்தி ஆம்ப் டெர்மினல் திருகுகள் தளர்ந்திருக்கலாம். ஃபியூஸைக் கழற்றிவிட்டு அவற்றை ஒருமுறை இறுக்குங்கள்.