குளிசையும் தேத்தண்ணியும்

கர்ப்பவதிகளின் பதிவேட்டில், குருதியில் ஒட்சிசனைக் காவும் இரும்புள்ள புரதமான ஹீமோகுளோபினின் அளவு குறைந்திருந்தால், "இரும்புக் குளிசையைக் குடுத்தாலும் குடிக்கமாட்டினம்" என்று தாயைக் குறை சொல்லிவிட்டுக் கடந்துபோகும் வழக்கம் எங்கும் உண்டு. வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகச் செல்லும் எனக்கு அந்தப் பேச்சு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஏனெனில், குறை பெரும்பாலும் அந்த வீட்டின் நேர ஒழுங்கில்தான் இருக்கிறது, அதைக் கேட்டறிவது எங்கள் பொறுப்பு.

கர்ப்பகாலத்தில் குருதியின் திரவப்பகுதி ஏறக்குறையப் பாதியளவு பெருகுகிறது. செங்குழியங்கள் அவ்வளவுக்குப் பெருகாததால், நலமான பெண்ணிலும் ஹீமோகுளோபின் சற்று இறங்கவே செய்யும். அதனாலேயே மற்றப் பெண்களுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராம் என்றுள்ள எல்லை, கர்ப்பவதிகளுக்கு 11 கிராம் என வகுக்கப்பட்டுள்ளது. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. அதன் பெரும்பகுதி பிற்பாதியில், குழந்தை தன் சேமிப்பைத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்ளும் மாதங்களில் தேவைப்படுவது. பல பெண்களின் உடலில் அதில் பாதியளவு சேமிப்புக்கூட இருப்பதில்லை என்பதால், உணவால் மட்டும் ஈடுசெய்யலாம் என்று யாருக்கும் உறுதி சொல்ல நான் துணியமாட்டேன்.

ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் வரும் குளக்கரை ஊர்களில், விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் பெண்கள் விடியுமுன் வெறுந்தேத்தண்ணியோடு வயலுக்குப் போய்விடுகிறார்கள். இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால், தேயிலையிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பற்றிக்கொண்டு அதைக் குடல் உறிஞ்சவிடாமல் செய்கிறது. கல்சியம் குளிசையைச் சேர்த்துப் போட்டாலும் உறிஞ்சல் குறைகிறது. குளிசை தவறாமல் முடிந்திருக்கும், குருதி ஏறியிராது. இன்னொரு பக்கம், "போட்டால் வயித்தைப் பிரட்டுது மிஸ், பிறகு வெயிலுக்க குனிஞ்சு நிக்க ஏலாது" என்று சொல்லும் பெண் சோம்பலால் அதை விட்டவளல்லள். அன்றைய கூலியைக் காப்பாற்றவே விட்டவள்.

ஆகவே "குளிசை போடுறீங்களோ" என்ற கேள்வியோடு நான் நிறுத்துவதில்லை. எப்போது, எதனோடு, அதற்குப்பின் என்ன குடித்தீர்கள் என்று கேட்பேன். "இரவு சாப்பிட்டுக் கொஞ்சம் கழிச்சு, படுக்கப் போகேக்க போடுங்கோ தங்கச்சி, தேசிக்காய்த் தண்ணியோட எண்டால் இன்னும் நல்லது, கல்சியத்தை மத்தியானத்துக்கு வையுங்கோ" என்று சொல்வேன். மலம் கறுப்பது இரும்பினால்தான் என்பதை முதல்நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், வயிற்றுக்குள் ஏதோ கெட்டுவிட்டதென்று பயந்து குளிசையை ஒளித்துவைத்துவிடுகிறார்கள். மாமியாரையும் அருகில் இருத்திச் சொன்னால் அந்தப் பயம் விரைவில் தீர்கிறது.

முருங்கையிலையும் பொன்னாங்காணியும் வேலியோரத்தில் கிடைப்பவைதான், அவற்றை நான் ஊக்குவிக்கிறேன். ஆயினும் கீரையிலுள்ள இரும்பைவிடக் குளத்து மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பையே உடல் எளிதில் ஏற்கிறது. சிறிதளவு மீன் கீரையோடு சேர்ந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படும். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறியபின் மிஞ்சுவதை உண்ணும் பெண்ணுக்கு அந்த மீன்துண்டு எஞ்சுகிறதா என்பதைக் கணவனிடம்தான் கேட்க வேண்டும். நான் நேரடியாகவே கேட்கிறேன்.

சரியாகக் குளிசை எடுத்தும் ஒரு மாதத்தில் அளவு உயராவிட்டால், குடற்பூச்சித் தொற்றையும், தலசீமியா என்ற பரம்பரைக் குருதிநோயின் காவி நிலையையும் வைத்தியர் பார்க்க வேண்டும். 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் தாமதமின்றி வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். எட்டாம் மாதத்தில் கண்டுபிடிக்கும் குறைக்குக் குளிசை வேலைசெய்யப் போதிய காலம் இருப்பதில்லை. ஆகவேதான் ஊரில் கலியாணம் முடிந்த வீடுகளுக்கு, பெண் கர்ப்பமாகும் செய்தி வரும்வரை காத்திராமல் சென்று, அவளுடைய ஹீமோகுளோபினைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.