முதலாளித்துவம்னா எது?

கடை வைப்பதும் லாபம் பார்ப்பதும்தான் முதலாளித்துவம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். சந்தையும் வியாபாரமும் ஆயிரக்கணக்கான வருடங்களாக இருக்கிறது, முதலாளித்துவம் அதற்கு ரொம்பப் பிந்தியது. பணம் போட்டவர் கையில் இடமும் கருவியும் முடிவெடுக்கும் அதிகாரமும், உழைப்பவருக்குக் கூலி மட்டும், மிஞ்சுவது எல்லாம் பணம் போட்டவருக்கே, அதை மறுபடி போட்டு இன்னும் பெருக்கிக்கொண்டே போவது. என்னைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர்.

அப்போ லாபம் வருகிற எல்லாத் தொழிலும் இப்படித்தான் நடக்கணுமா? கேரளா போனால் இந்தியன் காபி ஹவுஸில் உட்கார்ந்து பாருங்கள். 1950களில் மத்திய அரசின் காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடி ஆட்களை வேலையை விட்டு அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணை நிற்க, அந்தத் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் கட்டினார்கள். 1957-ல் பெங்களூரு, 1958-ல் திருச்சூர். விசிறித் தலைப்பாகையோடு பீட்ரூட் கட்லெட் கொண்டுவந்து வைக்கிறாரே, அவர் அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கலாம், நிர்வாகக் குழுவுக்கு ஓட்டுப் போடுகிறவராக இருக்கலாம். பக்கத்துக் கடையோடு போட்டி, விலைவாசி, நஷ்டம் எல்லாம் இவர்களுக்கும் உண்டு, சில ஊர்களில் கடையை மூடவும் வேண்டி வந்தது. ஆனால் மிஞ்சும் பணத்தை என்ன செய்வது என்பதை எங்கேயோ இருக்கும் பங்குதாரர் முடிவு செய்வதில்லை.

பொருளாதாரம் பற்றிப் பேசும்போது வளர்ச்சி எத்தனை சதவீதம் என்றே கேட்கிறோம். ஒரு தொழில் யாருக்குச் சொந்தம், யார் முடிவு செய்கிறார்கள் என்று நம் பட்ஜெட் விவாதங்களில் ஏன் யாரும் கேட்பதே இல்லை?